பின்னணிச் சேவைகளைக் கண்காணிக்க எது சரி: சிஸ்டம்டியா, மானிட்டா, ப்ராமிதியஸா?

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ஒரு வாடிக்கையாளரிடமிருந்து போன். வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து அவர்களுடைய மாணவர்கள் யாருக்கும் மெயில் போகவில்லை. சர்வருக்குள் போய்ப் பார்த்தேன். மெயில்களை வரிசையிலிருந்து (க்யூ) ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பும் பின்னணிச் சேவையான க்யூ வொர்க்கர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி பச்சை நிறத்தில் ‘ஆக்டிவ், ரன்னிங்’ என்று காட்டியது. மெமரி சரி, சிபியு சரி. ஆனால் லாகில் கடைசி வரி வெள்ளி மாலை 6:40. மெயில் சர்வருடன் போட்ட இணைப்பு நடுவில் அறுந்திருக்கிறது. இனி வரவே வராத பதிலுக்காக வொர்க்கர் அறுபது மணி நேரத்துக்கும் மேலாகக் காத்துக்கொண்டிருந்தது. அந்த இணைப்புக்கு டைம்அவுட் வைக்காமல் விட்டது என் தவறு.

அந்த சர்வரில் கண்காணிப்பு இல்லாமல் இல்லை. நிமிடத்துக்கு ஒரு முறை ‘ப்ராசஸ் இருக்கிறதா’ (அந்த ப்ரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறதா) என்று பார்க்கும் ஸ்கிரிப்ட் ஒன்று, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் இருந்தது. அத்தனை மணி நேரமும் அது ‘இருக்கிறது’ என்ற உண்மையைத்தான் சொன்னது. நான் கேட்க வைத்திருந்த கேள்விதான் தப்பு.

அதற்குப் பிறகு கிடைக்கிற கருவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். மூன்று முதல் பத்து சர்வர் வரை வைத்துக்கொண்டு, ஒருவரோ இருவரோ மற்ற வேலைகளுக்கு நடுவே அவற்றையும் பார்த்துக்கொள்கிற இடங்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இரவு ஷிஃப்டுக்கு ஆள் போட்டிருக்கிற பெரிய நிறுவனங்களின் கணக்கு வேறு.

முதலில், எந்தக் கோளாறைப் பிடிக்க வேண்டும்?

ஒரு பின்னணிச் சேவை நான்கு விதமாகக் கைவிடும். ப்ராசஸ் செத்துப்போகலாம், மெமரி தீர்ந்து கெர்னல் அதைக் கொல்வதும் இதில் சேரும். உயிரோடு இருந்தும் உறைந்துபோகலாம், மேலே சொன்ன வொர்க்கரைப் போல. மெஷினே போய்விடலாம், அல்லது நெட்வொர்க்கிலிருந்து விலகிவிடலாம். நான்காவது, இரவு இரண்டு மணிக்கு ஓட வேண்டிய பேக்கப் ஓடாமலே போகலாம். இதில் சாவதற்கு ப்ராசஸே கிடையாது.

கருவிகளை ஒப்பிடும் கட்டுரைகள் பெரும்பாலும் டாஷ்போர்டு எவ்வளவு அழகு, இன்ஸ்டால் செய்வது எவ்வளவு சுலபம் என்று போய்விடுகின்றன. இந்த நான்கில் எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்று பார்த்தாலே பாதி முடிவு தானாக வந்துவிடும்.

கிரானில் சொந்த ஸ்கிரிப்ட்

எல்லோரும் இங்கேதான் தொடங்குகிறோம். ப்ராசஸ் பட்டியலை எடுத்து, அதில் பெயரைத் தேடி, இல்லையென்றால் ரீஸ்டார்ட். பத்து வரியில் முடிந்துவிடும். ஆனால் பெயரைத் தேடும் கிரெப் கட்டளையும் அதே பட்டியலில் அதே பெயரோடு வந்து நிற்கும். அதனால் சேவை செத்த பிறகும் ‘இருக்கிறது’ என்றே பதில் வரும். இதைத் தாண்டினால், நீங்கள் டெர்மினலில் சோதித்தபோது ஓடிய ஸ்கிரிப்ட் கிரானில் ஓடாது, ஏனென்றால் கிரானுக்குக் கிடைக்கும் பாத் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) வேறு. ஸ்கிரிப்ட் மெதுவாகி ஒரு நிமிடத்தைத் தாண்டினால் இரண்டு பிரதிகள் ஒன்றின்மேல் ஒன்று ஓடும். தவறு நேர்ந்தால் கிரான் அனுப்பும் மெயிலோ, பெரும்பாலான சர்வர்களில், யாரும் திறக்காத உள்ளூர் மெயில்பாக்ஸில் போய்ச் சேரும். ஒவ்வொன்றுக்கும் தீர்வு உண்டு. எல்லாத் தீர்வுகளையும் சேர்த்து எழுதி முடிக்கும்போது, சிஸ்டம்டியில் ஏற்கெனவே இருப்பதை மோசமாக மறுபடி எழுதியிருப்போம். இதை நான் விட்டுவிட்டேன்.

சிஸ்டம்டி: கையில் இருப்பதை முதலில் பயன்படுத்துங்கள்

2010-ல் லெனார்ட் பொட்டரிங்கும் கே சீவர்ஸும் தொடங்கிய சிஸ்டம்டி, 2015-ல் டெபியன் 8 வந்ததிலிருந்து அநேகமாக நாம் தொடும் எல்லா லினக்ஸ் சர்வர்களிலும் இருக்கிறது. புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். ஆனால் ஒரு சேவையை எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்லும் யூனிட் ஃபைலில் ‘ரீஸ்டார்ட்’ என்ற வரியை நாமே எழுதாவிட்டால் அதன் இயல்பு மதிப்பு ‘நோ’. அதாவது, செத்தால் செத்ததுதான். பேக்கேஜோடு வரும் யூனிட் ஃபைல்கள் பலவற்றில் இந்த வரியே இருக்காது. உங்கள் சர்வரில் எந்தெந்தச் சேவைக்கு இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். மாற்றும்போது மூல ஃபைலைத் தொடாமல் ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ வழியாக மாற்றினால் அடுத்த அப்டேட்டில் அழியாது.

அந்த வரியை எழுதியதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். பொறி அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. செத்த சேவையை மறுபடி எழுப்புவதற்கு முன் சிஸ்டம்டி காத்திருக்கும் நேரம், இயல்பாக, 100 மில்லிவிநாடி. பத்து விநாடிக்குள் ஐந்து முறைக்கு மேல் தொடங்க வேண்டி வந்தால் கைவிட்டுவிடும். இப்போது டேட்டாபேஸை அப்டேட் செய்கிறீர்கள், அது திரும்பி வர இருபது விநாடி ஆகிறது என்று வையுங்கள். வொர்க்கர் எழும், டேட்டாபேஸ் இல்லை, சாகும். ஓரிரு விநாடியில் ஐந்து வாய்ப்பும் தீர்ந்துவிடும். டேட்டாபேஸ் வந்துவிட்டது, வொர்க்கர் ‘ஃபெயில்ட்’ நிலையிலேயே கிடக்கும். ‘ரீஸ்டார்ட் ஆல்வேஸ்’ என்று எழுதிவைத்தும் ஏன் எழவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களில் பலருடைய கதை இதுதான்.

சரி, காத்திருக்கும் நேரத்தைப் பத்து விநாடியாக உயர்த்தலாம் என்று தோன்றும். அப்போது இதற்கு நேர் எதிரான சிக்கல். பத்து விநாடிக்குள் ஐந்து முறை என்ற வரம்பை அது ஒருநாளும் தொடாது. கன்ஃபிக்கில் ஒரு எழுத்துப்பிழை இருந்தால்கூட, சேவை நாள் முழுவதும் எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருக்கும். ‘ஃபெயில்ட்’ நிலைக்கே போகாததால் உங்களுக்கு எந்தத் தகவலும் வராது.

இரண்டு எண்களையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். நான் வைப்பது: காத்திருக்கும் நேரம் 20 விநாடி, வரம்பு 300 விநாடிக்குள் 5 முறை. டேட்டாபேஸ் ஒன்றரை நிமிடம் இல்லாமல் போனாலும் வொர்க்கர் தாக்குப்பிடிக்கும். உண்மையான கோளாறு என்றால் இரண்டு நிமிடம் போல ஆனதும் ‘ஃபெயில்ட்’ ஆகும். அந்த நேரத்தில் ‘ஆன்ஃபெயிலியர்’ என்ற வரி இன்னொரு சிறிய யூனிட்டை எழுப்பும். அது செய்வதெல்லாம், எந்தச் சேவை விழுந்தது, லாகின் கடைசி இருபது வரி என்ன என்று டெலிகிராமுக்கு அனுப்புவது. ஒரே யூனிட்டை டெம்ப்ளேட்டாக எழுதிவைத்தால் எல்லாச் சேவைகளுக்கும் போதும்.

செத்துப்போவதற்கு இவ்வளவு போதும். உறைந்துபோவதற்கு சிஸ்டம்டியிலேயே ‘வாட்ச்டாக்’ இருக்கிறது. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை சேவை தானே ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று சிஸ்டம்டிக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சிஸ்டம்டி அதைக் கொன்றுவிடும். ரீஸ்டார்ட் வரியும் இருந்தால் மறுபடி எழுப்பும். இதற்கு உங்கள் ப்ரோகிராமில் சில வரிகள் சேர்க்க வேண்டும். சொந்த வொர்க்கர் என்றால் அரை மணி நேர வேலை. அந்த வரிகளைத் தனி த்ரெட்டில் (ப்ரோகிராமுக்குள்ளேயே தனியாக ஓடும் இழையில்) மட்டும் போட்டுவிடாதீர்கள். வேலை செய்யும் த்ரெட் உறைந்து கிடக்கும்போது, பக்கத்து த்ரெட் நிம்மதியாக ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். க்யூவிலிருந்து எடுத்து வேலையை முடிக்கிற அதே சுற்றுக்குள்தான் அந்த வரி இருக்க வேண்டும். வாட்ச்டாக் நேரமும், அந்த வொர்க்கர் செய்யும் மிக நீளமான வேலையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நல்லபடியாக ஓடுவதை நாமே கொல்வோம்.

சேவைகளைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. ‘ஹெல்த்செக்’ எழுதிவிட்டால் கண்டெய்னர் கெட்டுப்போகும்போது டாக்கரே ரீஸ்டார்ட் செய்யும் என்று பலர் நம்புகிறார்கள். தனி டாக்கரில் அது ‘அன்ஹெல்தி’ என்று பெயர் மட்டும் வைக்கும். ரீஸ்டார்ட் பாலிசி, கண்டெய்னர் நின்றுபோனால்தான் வேலை செய்யும். பல சர்வர்களைச் சேர்த்து ஓட்டும் ஸ்வார்ம் முறையில் ஓட்டினால்தான் கெட்ட கண்டெய்னரை மாற்றும்.

மானிட்: நம்மால் மாற்ற முடியாத சேவைகளுக்கு

வாட்ச்டாக் வரிகளைச் சேர்க்க, ப்ரோகிராம் நம் கையில் இருக்க வேண்டும். யாரோ எழுதிக்கொடுத்துவிட்டுப் போன பழைய ஜாவா சர்வர், மூலக் குறியீடே இல்லாத பில்லிங் சாஃப்ட்வேர் என்றெல்லாம் இருந்தால் என்ன செய்வது? அங்கே மானிட் கைகொடுக்கிறது. இலவசம், திறமூலம், மெமரியில் சில எம்பிதான் எடுக்கும். கன்ஃபிக் ஃபைலைப் படித்தாலே புரியும். இந்த போர்ட்டில் எச்டிடிபி கேட்டுப் பார், பதில் வராவிட்டால் ரீஸ்டார்ட் செய். மெமரி 500 எம்பிக்கு மேல் ஐந்து சுற்று தொடர்ந்தால் ரீஸ்டார்ட் செய். ஏறக்குறைய இப்படியே எழுதலாம். வெளியிலிருந்து கதவைத் தட்டிப் பார்ப்பதால் உறைந்துபோனதையும் பிடிக்கும்.

எனக்கு மானிட்டில் மிகவும் பிடித்தது வேறொன்று. ஒரு ஃபைல் கடைசியாக எப்போது மாறியது என்று பார்க்கச் சொல்லலாம். பேக்கப் ஃபைல் 26 மணி நேரத்துக்கு மேல் பழையதாக இருந்தால் எச்சரிக்கை, 10 எம்பிக்குக் குறைவாக இருந்தால் எச்சரிக்கை. ப்ராசஸைப் பார்க்காமல் வேலையின் விளைவைப் பார்க்கிறது. நான்காவது வகைக் கோளாறுக்கு ஒரே சர்வருக்குள் இதைவிட எளிய வழி நான் பார்த்ததில்லை.

தொல்லைகளும் உண்டு. டெபியன் பேக்கேஜில் அது இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறைதான் பார்க்கும்; வேண்டுமானால் 30 விநாடியாக மாற்றிக்கொள்ள வேண்டும். புதிய வெர்ஷன் ஏற்றுவதற்காகச் சேவையை நிறுத்துகிறீர்கள். அது தானாக விழுந்துவிட்டது என்று நினைத்து, ஃபைல்கள் பாதி மாறியிருக்கும்போது மானிட் எழுப்பிவிடும். அதனால் டிப்ளாய் ஸ்கிரிப்டின் முதல் வரி ‘கண்காணிப்பை நிறுத்து’ என்றும், கடைசி வரி ‘மறுபடி தொடங்கு’ என்றும் இருக்க வேண்டும். அந்தக் கடைசி வரி ஓடாமல் டிப்ளாய் பாதியில் முறிந்தால், அந்தச் சேவை கண்காணிப்பே இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கலாம். ஒரே சேவையை சிஸ்டம்டியும் மானிட்டும் சேர்ந்து ரீஸ்டார்ட் செய்யவும் விடாதீர்கள். செத்தால் எழுப்புவது சிஸ்டம்டி, உறைந்தால் எழுப்புவது மானிட் என்று பிரித்துக்கொடுத்தால் சண்டை வராது. அப்போது மானிட்டும் சிஸ்டம்டி வழியாகவே ரீஸ்டார்ட் செய்யும்படி எழுத வேண்டும்.

ப்ராசஸ்களை ஓட்டிவைக்கும் சூப்பர்வைசர் என்ற கருவியைப் பற்றியும் கேட்பார்கள். பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கான லாரவெலின் ஆவணத்தில் க்யூ வொர்க்கருக்கு அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒரே வொர்க்கரை எட்டுப் பிரதிகளாக ஓட்ட அது வசதி. ஆனால் அது பார்ப்பது ப்ராசஸ் இருக்கிறதா என்பதை மட்டும். உறைந்ததைப் பிடிக்காது. ஏற்கெனவே அதில் ஓடிக்கொண்டிருந்தால் மாற்ற வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு சிஸ்டம்டியே போதும் என்பேன்.

ப்ராமிதியஸ்: எப்போது தேவை?

ப்ராமிதியஸ் 2012-ல் சவுண்ட்கிளவுட் என்ற இசைத் தள நிறுவனத்தில் பிறந்தது. 2016-ல், குபெர்நெட்டிஸுக்கு அடுத்தபடியாக, கிளவுட் சார்ந்த திறமூல ப்ராஜெக்ட்களுக்கான அமைப்பான சிஎன்சிஎஃப் ஏற்றுக்கொண்ட இரண்டாவது ப்ராஜெக்ட். நல்ல கருவி, ஆனால் அது எதையும் ரீஸ்டார்ட் செய்யாது. அளந்து, சேமித்து, எச்சரிப்பதோடு அதன் வேலை முடிந்தது. ஆகவே சிஸ்டம்டியா ப்ராமிதியஸா என்று கேட்பதே பொருந்தாது. ப்ராமிதியஸ் போட்டாலும் மேலே சொன்ன சிஸ்டம்டி வேலையைச் செய்தே ஆக வேண்டும்.

ஒவ்வொரு சர்வரிலும் அதன் அளவுகளை எடுத்துக்கொடுக்கும் நோட் எக்ஸ்போர்ட்டர் 9100 போர்ட்டில் உட்கார்ந்திருக்கும். தனி மெஷினில் இருக்கும் ப்ராமிதியஸ் குறிப்பிட்ட இடைவெளியில் வந்து எண்களை எடுத்துக்கொண்டு போகும். எடுக்க வந்து முடியவில்லை என்றால் அந்த மெஷின் போய்விட்டது என்று தெரியும். மூன்றாவது வகைக் கோளாறும் பிடிபடுகிறது. இங்கேயும் ஒன்று கவனிக்க வேண்டும். சிஸ்டம்டி சேவைகளின் நிலையை நோட் எக்ஸ்போர்ட்டர் இயல்பாக எடுக்காது, நாம்தான் இயக்க வேண்டும். அது தெரியாமல் இன்ஸ்டால் செய்துவிட்டு, சிபியு, டிஸ்க் வரைபடங்களைப் பார்த்து எல்லாம் கண்காணிப்பில் இருப்பதாக நம்பிவிடுகிறார்கள்.

இன்னொரு நுணுக்கம் என்னை ஒரு வாரம் ஏமாற்றியது. க்யூவில் காத்திருப்பவை 500-ஐத் தாண்டினால் எச்சரி என்று எழுதியிருந்தேன். க்யூவின் நீளத்தைச் சொல்லும் எக்ஸ்போர்ட்டரே செத்துப்போனது. எண் இல்லை. இல்லாத எண் 500-ஐத் தாண்டாது. எச்சரிக்கையும் வரவில்லை. ‘இந்த எண் காணாமல் போனால் எச்சரி’ என்று ஒவ்வொரு முக்கியமான அளவுக்கும் தனியாக எழுத வேண்டும். அதற்கு ‘ஆப்சென்ட்’ என்று ஒரு செயல்பாடே வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், இதற்கு ஒரு ஆள் வேண்டும். ப்ராமிதியஸ், எச்சரிக்கை அனுப்பும் அலர்ட்மேனேஜர், வரைபடம் காட்டும் கிராஃபானா, எக்ஸ்போர்ட்டர்கள் என்று வந்த பிறகு, அவையே நான்கைந்து பின்னணிச் சேவைகள். அவற்றை அப்டேட் செய்ய வேண்டும், அவற்றின் டிஸ்க் நிறையாமல் பார்க்க வேண்டும். மூன்று சர்வரைப் பார்க்க நான்காவதாக ஒரு சர்வர் வாங்கி, அதற்கே அதிக நேரம் கொடுக்கிற நிலை வரக்கூடாது. என் கணக்கு இதுதான்: சர்வர் எண்ணிக்கை பத்தை நெருங்கும்போது, அல்லது ‘போன மாதத்தைவிட ஏன் மெதுவாக இருக்கிறது’ என்ற கேள்வி அடிக்கடி வரும்போது ப்ராமிதியஸுக்குப் போங்கள். ‘செத்தால் சொல்’ என்பது மட்டும் தேவை என்றால் இப்போது வேண்டாம். பழைய கண்காணிப்புக் கருவியான நாகியோஸ் உங்கள் நிறுவனத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அதிலேயே தொடரலாம். புதிதாகப் போட நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெளியிலிருந்து ஒரு கண்

2017 ஜனவரி 31-ஆம் தேதி மூலக் குறியீட்டைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேபில் முதன்மை டேட்டாபேஸின் டைரக்டரி தவறுதலாக நீக்கப்பட்டது. பேக்கப்பைத் தேடிப் போனார்கள். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுக்க ஓடிக்கொண்டிருந்தது 9.2-இன் கருவி. அதனால் பேக்கப் தோற்றுப்போய்க்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மெயில்களும் கிளம்பியிருந்தன. ஆனால் மெயில் உண்மையில் அந்த முகவரியிலிருந்துதான் வருகிறதா என்று பார்க்கும் டிமார்க் சரிபார்ப்பில் தேறாததால் அந்த மெயில்கள் நிராகரிக்கப்பட்டன. யார் கண்ணிலும் படவில்லை. கடைசியில் ஆறு மணி நேரம் முன்பு வேறொரு காரியத்துக்காக எடுத்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்டார்கள். நடந்ததை ஒளிக்காமல் அவர்களே எழுதிவைத்ததால்தான் இன்று நாம் அதிலிருந்து கற்க முடிகிறது.

தோற்றால் மெயில் அனுப்பு என்ற ஏற்பாட்டில் உள்ள ஓட்டை இது. அனுப்பும் வழி அடைபட்டால், எல்லாம் நன்றாக இருப்பதும் எல்லாம் கெட்டுக் கிடப்பதும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். திருப்பிப் போட வேண்டும்: வேலை ஒழுங்காக முடிந்தால் வெளியே இருக்கும் ஒருவரிடம் ‘முடிந்தது’ என்று சொல்ல வேண்டும், சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாவிட்டால் அவர் நம்மை எழுப்ப வேண்டும். ஹெல்த்செக்ஸ் டாட் ஐஓ இதற்கென்றே இருக்கிறது. 20 வேலைகள் வரை இலவசம். திறமூலம் என்பதால் சொந்தமாகவும் ஓட்டலாம். கிரான் வரியின் கடைசியில், முந்தைய கட்டளை வெற்றி பெற்றால் மட்டும் ஓடும்படி இரண்டு ஆம்பர்சாண்ட் போட்டு, அவர்களுடைய வலை முகவரியை அழைக்கும் ஒரு கர்ல் கட்டளை. அவ்வளவுதான். இரவு பேக்கப்புக்கு மட்டும் என்றில்லை. க்யூ வொர்க்கரும் வேலைகளை முடித்துக்கொண்டிருக்கும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சொல்லலாம்.

அப்டைம் கூமா இதன் மறுபக்கம். 2021-ல் வந்தது. வெளியிலிருந்து உங்கள் தளத்தைத் தட்டிப் பார்க்கும், டெலிகிராமில் சொல்லும், டிஎல்எஸ் (தளத்தின் பாதுகாப்பு) சான்றிதழ் காலாவதியாகப் போவதையும் சொல்லும். சான்றிதழ் காலாவதியாவதை முன்கூட்டியே சொல்லும் மெயில்களை இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டதால், அந்த மெயிலை நம்பி இருந்தவர்கள் இதையாவது போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் கண்காணிக்கப்படும் அதே சர்வரிலேயே இதை இன்ஸ்டால் செய்கிறவர்களைப் பார்க்கிறேன். சர்வர் போனால் இதுவும் சேர்ந்து போய்விடும். வேறு மெஷின், முடிந்தால் வேறு நிறுவனத்தின் டேட்டா சென்டர்.

நான் போட்டிருப்பது

இப்போது என் பொறுப்பில் ஐந்து சர்வர்கள். எல்லாச் சேவைகளுக்கும் சிஸ்டம்டியில் 20 விநாடி, 300-க்குள் 5, டெலிகிராம் எச்சரிக்கை. சொந்தமாக எழுதிய வொர்க்கர்களுக்கு வாட்ச்டாக். தொட முடியாத ஒரே ஒரு பழைய சேவைக்கு மானிட்; அந்த சர்வரிலேயே பேக்கப் ஃபைலின் வயதையும் அதுவே பார்க்கிறது. எல்லாக் கிரான் வேலைகளும், எல்லா வொர்க்கர்களும் ஹெல்த்செக்ஸுக்குச் சொல்கின்றன. வேறிடத்தில் ஒரு சிறிய மெஷினில் அப்டைம் கூமா. இரவில் சத்தம் போட்டு எழுப்ப அனுமதி இருப்பது இரண்டு எச்சரிக்கைகளுக்கு மட்டும்: வாடிக்கையாளரின் தளம் திறக்கவில்லை, க்யூ நகரவில்லை. மற்றதெல்லாம் காலையில் பார்த்தால் போதும். எல்லாவற்றுக்கும் போன் அலறினால் மூன்றாவது வாரம் நாமே அதை மியூட் செய்துவிடுவோம்.

இன்ஸ்டால் செய்த அன்றே நான்கையும் உடைத்துப் பாருங்கள். செத்துப்போவதைச் சோதிக்க எல்லோருக்கும் தெரியும். உறைவதைச் சோதிக்க, கில் கட்டளையில் ஸ்டாப் சிக்னல் அனுப்புங்கள். ப்ராசஸ் அப்படியே நிற்கும், சிஸ்டம்டி ‘ஆக்டிவ், ரன்னிங்’ என்றே காட்டும். அந்த வெள்ளிக்கிழமை நடந்ததன் அச்சு அசல். என் வொர்க்கரில் செய்தபோது, வாட்ச்டாக் அதைக் கொன்று எழுப்பியது. மெஷின் போவதைச் சோதிக்க ஒரு சர்வரை அணைத்தேன். அப்டைம் கூமாவிடமிருந்து டெலிகிராம் வந்தது. பேக்கப் கிரான் வரியை ஓர் இரவு கமெண்ட் செய்து வைத்தேன். காலை ஏழு மணி வரை ஒன்றும் வரவில்லை. போய்ப் பார்த்தால், ஹெல்த்செக்ஸில் சலுகை நேரத்தை ஒரு நாள் என்று வைத்திருக்கிறேன். அடுத்த இரவு பேக்கப் ஓடும் நேரம் வரை அது பொறுமையாக இருந்திருக்கும். இரண்டு மணி நேரமாகக் குறைத்துவிட்டு மறுபடி சோதித்தேன். அதிகாலை நாலு மணிக்குச் செய்தி வந்தது.